ஓடு நல்லாத்தான் இருந்துச்சு: சிராங்கூன் கார்டன்ஸ் வீட்டுக் கூரையை மாத்துறதா வேணாமான்னு ரெண்டு வருஷம் தவிச்ச கதை

ஒரே கூரையைப் பாக்க நாலு பேர் வந்தாங்க. முதல் ஆள் 1,650 சிங்கப்பூர் வெள்ளின்னாரு, ரெண்டாவது ஆள் 4,800, மூணாவது ஆள் 26,500, நாலாவது ஆள் 43,000. விலை எழுதிக் கொடுத்த நாலு பேப்பரையும் சாப்பாட்டு மேசையில வரிசையா வச்சுக்கிட்டு நான், அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் உக்காந்திருந்தோம், ஒருத்தருக்கும் பேச்சு வரல. 1,650க்கும் 43,000க்கும் நடுவுல எது உண்மைன்னு ஓட்டு வீட்டுல பொறந்து வளந்த எங்களுக்கே தெரியலன்னா, புதுசா பழைய வீடு வாங்குறவங்க என்ன பண்ணுவாங்கன்னு அன்னிக்கே நினைச்சேன். அதனாலதான் இவ்வளவு விலாவாரியா எழுதுறேன், இதே மாதிரி நாலு பேப்பரை வச்சுக்கிட்டு யாராவது முழிச்சிட்டு இருந்தா உதவும்.

வீட்டைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். சிராங்கூன் கார்டன்ஸ்ல 1950கள்ல கட்டின ஒத்தை மாடி டெரஸ் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் சேந்து 1978ல வாங்கினாங்க, அப்புறம் சித்தப்பா பங்கை அப்பா வாங்கிட்டாரு. 1984ல அப்பா ஓடு எல்லாத்தையும் மாத்தினாரு, ஆனா கீழ இருக்குற பெரிய மரமெல்லாம் பழசுதான், அதைத் தொடல. பின்னாடி அடுப்படிக்கு மேல மட்டும் ஷீட் போட்டாரு, அந்த ஷீட் பின்னால எங்களுக்குப் பெரிய வேலை வச்சுச்சு, அதுக்கு அப்புறம் வரேன். அப்பா போயி ஒம்பது வருஷம் ஆச்சு. இப்ப அந்த வீட்டுல நானும் அம்மாவும்தான், அண்ணன் பொங்கோல்ல அடுக்குமாடி புளோக் வீட்டுல இருக்காரு.

ஒழுகல் ஆரம்பிச்சது 2021ல. பக்கத்து வீட்டுக்காரங்க பழைய வீட்டை இடிச்சுட்டு மூணு மாடி எழுப்பினாங்க. இப்ப அந்தப் பேட்டையில தெருவுக்கு ரெண்டு வீடு அப்படித்தான் போகுது. அவங்க சுவர் எங்க கூரைக்கு மேல இருபது அடி உயரத்துக்கு நிக்குது, மழை பேஞ்சா அந்தச் சுவர்ல விழுற தண்ணி மொத்தமும் வழிஞ்சு எங்க ஓட்டும் அவங்க சுவரும் சேர்ற இடத்துக்குத்தான் வருது. அந்த இடத்துல சிமெண்டு பூசி விட்டிருந்தாங்க, அவ்வளவுதான். சிமெண்டு வெயில்ல காயும், மழையில நனையும், ஆறு மாசத்துல முடி மாதிரி வெடிப்பு விட்டுரும். அம்மா ரூம் சீலிங்ல முதல்ல ஒரு அம்பது காசு அளவுக்குப் பழுப்பா வட்டம் வந்துச்சு, அடுத்த மழைக்கு அதைச் சுத்தி இன்னொரு வட்டம்.

நாங்க என்ன பண்ணோம்னா, ஆளைக் கூப்பிட்டு அந்த வட்டத்துக்கு நேர் மேல இருக்குற ஓட்டை மாத்தச் சொன்னோம். 380 வெள்ளி. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப ஒழுகுச்சு, வேற ஆள், முகட்டுல சிமெண்டு பூசினாரு, 650. அப்புறம் சிலிக்கான் அடிச்சாங்க. அப்புறம் சீலிங் பலகை ரெண்டு ஊறித் தொங்கிருச்சு, அதை மாத்தி பெயிண்ட் அடிச்சோம். 2023 மார்ச்சுல உக்காந்து கூட்டிப் பாத்தா 5,900 வெள்ளி செலவாயிருக்கு, ஒழுகல் அப்படியேதான் இருக்கு, இன்னும் சொல்லப்போனா ஒரு இடத்துல ஒழுகினது நாலு இடமா ஆயிருச்சு. சீலிங்ல கறை இருக்குற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைச்சதுதான் நாங்க செஞ்ச முதல் தப்பு. தண்ணி ஓட்டுக்கு அடியில நுழைஞ்சு, கூரையைத் தாங்குற சாய்வு மரமான கைமரத்தைப் பிடிச்சுக்கிட்டு சாய்வுல வழிஞ்சு வழிஞ்சு எங்கயோ ஒரு ஆணி, ஒரு முடிச்சு கிடைக்கிற இடத்துலதான் சொட்டும். எங்க வீட்டுல நுழைஞ்ச இடத்துக்கும் சொட்டின இடத்துக்கும் பத்தடி தூரம்.

இன்சூரன்ஸ் கேட்டுப் பாத்தோம். பழசாகித் தேய்ஞ்சு போனதுக்குத் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க, பாலிசியை எடுத்துப் படிச்சா அப்படித்தான் இருக்கு. திடீர்னு காத்துல பிச்சுக்கிட்டுப் போனா கதை வேற. அதனால உங்க பாலிசியில அந்த வரியை இப்பவே படிச்சு வச்சுக்குங்க, ஒழுக ஆரம்பிச்ச பிறகு படிக்கிறது கஷ்டம்.

2023 பிப்ரவரி கடைசியில ரெண்டு மூணு நாள் விடாம மழை பேஞ்சது சிங்கப்பூர்ல இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ராத்திரிகள்ல அம்மா தூங்கவே இல்ல, நாலு வாளி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒவ்வொண்ணா ரொம்பிடுச்சான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, 79 வயசு அவங்களுக்கு. விடியக்காலையில நான் எந்திரிச்சு வந்தா ஹால்ல உக்காந்துக்கிட்டு, "அப்பா இருந்தா இப்படி விட்டிருப்பாராம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே குருட்டாம்போக்குல காசு போடக் கூடாது, முதல்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கணும்.

அதுக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டது. மழை பேஞ்சா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுது, மழை ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம் கழிச்சு எந்த வாளியில சொட்டுச்சு, இவ்வளவுதான் எழுதினேன். ஆறேழு மழைக்கு அப்புறம் பாத்தா தெளிவா ரெண்டு ரகம் தெரிஞ்சுது. அம்மா ரூம்ல மழை ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல சொட்டிடும், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் சாரல் அடிக்கிறப்பதான். உடனே சொட்டுதுன்னா எங்கயோ திறந்து கிடக்குன்னு அர்த்தம், சுவர் சேர்ற இடம் மாதிரி. ஹால்ல சொட்டுறது வேற மாதிரி, ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் விடாம பேஞ்சாத்தான் சொட்டும், மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் சொட்டும். அது ஓடு ஊறி, ஓட்டு இடுக்குல தண்ணி நிறைஞ்சு மெதுவா இறங்குறது.

காத்துத் திசையை எழுதினதுதான் ரொம்ப உதவுச்சு. நம்ம ஊருக்கு டிசம்பர், ஜனவரியில வடகிழக்குப் பருவமழை வரும், காத்து வடக்கு வடகிழக்குலேர்ந்து. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியக்காலையில திடுதிப்புன்னு ஒரு புயல் மாதிரி வந்துட்டு ஒரு மணி நேரத்துல போயிருமே, சுமத்ரா ஸ்குவால்னு சொல்வாங்க, அது மேற்குலேர்ந்து வரும். உங்க வீடு டிசம்பர்ல மட்டும் ஒழுகுதா, விடியக்காலைப் புயல்ல மட்டும் ஒழுகுதா, ரெண்டுலயும் ஒழுகுதான்னு பாத்தாலே கூரையில எந்தப் பக்கம் கோளாறுன்னு பாதி தெரிஞ்சிரும். எல்லாத் திசை மழைக்கும் எல்லா இடத்துலயும் ஒழுகுதுன்னா அது ஒட்டுப்போடுற வேலை இல்ல. வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுற ஊரு இது, நோட்டு எழுத ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்ல, ரெண்டு மாசம் போதும்.

இன்னொண்ணு, ஒழுகுறதெல்லாம் கூரைன்னு நினைக்காதீங்க. ஹால்ல ஒரு ஓரத்துல மழையே இல்லாத நாள்லயும் ஈரம் இருந்துச்சு. ஏர்கான் பைப் சீலிங்குக்கு மேல போகுது, அதைச் சுத்தியிருக்குற கறுப்பு ரப்பர் கிழிஞ்சு குளிர்ந்த பைப்புல தண்ணி கோத்துச் சொட்டிட்டு இருந்துச்சு. 90 வெள்ளி வேலை. நோட்டு எழுதலன்னா அதையும் கூரைக் கணக்குல சேத்திருப்போம். சீலிங்குக்கு மேல பழைய தண்ணித் தொட்டி இருக்குற வீடுகள்ல அதையும் ஒரு தடவை பாத்துக்குங்க.

இப்ப அந்த நாலு பேருக்கு வரேன்.

முதல் ஆள் தெருவுல நின்னுக்கிட்டே அண்ணாந்து பாத்து 1,650ன்னு சொன்னாரு, ட்ரோன் விட்டுப் பாக்கலாம்னும் சொன்னாரு. எங்க வீடு பாய லேபார் விமானத் தளத்துக்குப் பக்கம், அஞ்சு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள அனுமதி இல்லாம ட்ரோன் விடக் கூடாது, அதைக் கூட யோசிக்காத ஆளை நம்பி எப்படி வேலை கொடுக்குறது. ரெண்டாவது ஆளும் மேல ஏறல. ஓடு முழுக்க ரப்பர் மாதிரி ஒரு பூச்சு ஸ்ப்ரே பண்ணிடலாம், பத்து வருஷம் வாரண்டின்னாரு. கேக்க ரொம்ப நல்லா இருந்துச்சு, அண்ணனுக்கு அதுதான் பிடிச்சுது. ஆனா ஓட்டுக் கூரை வேலை செய்யுறதே ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருக்குறதாலதான். உள்ள போற கொஞ்சம் தண்ணியும் அந்த இடுக்கு வழியா அடுத்த ஓட்டு மேல இறங்கிடும், ஈரமும் காத்துல காய்ஞ்சிரும். பூச்சு அந்த இடுக்கை அடைச்சிரும், உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம மரத்துலயே உக்காந்துரும். அதோட பூச்சு அடிச்ச ஓட்டைத் திரும்பக் கழட்டி அடுக்கவும் முடியாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நல்ல ஓட்டு மேல சும்மா அழகுக்கு அடிக்கிறவங்க அடிக்கட்டும், ஒழுகலுக்கு மருந்துன்னு அதை வாங்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

மூணாவது கம்பெனிலேர்ந்து வந்த சூப்பர்வைசர் தம்பிக்குச் சொந்த ஊரு சிவகங்கை பக்கம், இங்க வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சாம். வந்ததும் கூரையைப் பாக்கல, "அக்கா, சீலிங்குல ஏறுற வழி எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. பாத்ரூமுக்கு வெளிய ஒரு சதுரப் பலகை இருக்கு, அதைத் தூக்கினா மேல போகலாம். அவர் ஏறி லைட்டை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம், "நீங்களும் ஏறி வந்து பாருங்கக்கா, நான் சொல்றதை விட நீங்க பாக்குறது நல்லது"ன்னாரு. ஏறினேன். இருட்டுல ஓட்டுக்கு நடுவுல சின்னச் சின்னதா வெளிச்சப் புள்ளி, வானத்துல நட்சத்திரம் மாதிரி. பகல்ல லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா எங்கெங்க ஓட்டைன்னு கூரையே காட்டிக் கொடுத்துடுது, இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாமப் போச்சு.

அப்புறம் அவர் ஒவ்வொரு ஓடா விரல் முட்டியால தட்டிக்கிட்டே வந்தாரு, சந்தையில சட்டி பானையைத் தட்டிப் பாத்து வாங்குவாங்களே அப்படி. பெரும்பாலான ஓடு கணீர்னு கேட்டுச்சு. நடுநடுவுல ஒண்ணு ரெண்டு மொத்து மொத்துன்னு கேட்டுச்சு, அதுல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், இல்லன்னா மண்ணு தண்ணியை உறிஞ்ச ஆரம்பிச்சிருக்கும். "ஓடு நல்லா இருக்குக்கா, இது இன்னும் எத்தனையோ வருஷம் தாங்கும்"னாரு. எனக்கு உசுரே வந்துச்சு. உடனே, "ஆனா இதைப் பாருங்க"ன்னு ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஓடு உக்காந்திருக்குற ரீப்பர் கட்டையில வச்சு லேசா அமுக்கினாரு, டீயில ஊறின ரஸ்க்குல குத்துற மாதிரி உள்ள போயிருச்சு. அடுத்த கட்டையும் அப்படித்தான். ஆணியைத் தொட்டா தலை கையோட வந்துருச்சு, தண்டு துருப்பிடிச்சு நூல் மாதிரி இருந்துச்சு. அதுக்கு அடியில இருக்குற கைமரத்துல அதே ஸ்க்ரூட்ரைவரைக் குத்தினாரு, இறங்கவே இல்ல, டொக்குன்னு நின்னுச்சு. அது செங்கால் மரமாம், மலாயாக் காட்டு மரம், கரையானுக்கும் ஈரத்துக்கும் லேசுல மசியாது. 1950கள்ல போட்டது இன்னும் இரும்பு மாதிரி நிக்குது.

அந்த இடத்துலதான் எனக்குப் புரிஞ்சுது. கூரைன்னா ஓடு மட்டும் இல்ல. மேல ஓடு, நடுவுல ரீப்பரும் ஆணியும், கீழ கைமரமும் உத்திரமும், இது மூணுக்கும் வயசு வேற வேற. எங்க வீட்டுல மேலயும் நல்லா இருக்கு, கீழயும் நல்லா இருக்கு, நடுவுல மட்டும் செத்துப் போச்சு. ரீப்பர் தொய்ஞ்சதால ஓடு கால் அங்குலம் அரை அங்குலம் இறங்கி ஒண்ணுக்கொண்ணு பல்லு பிடிக்காம கிடக்கு, அதனாலதான் எங்க அடைச்சாலும் வேற இடத்துல ஒழுகுது. தனி ஒரு ஓட்டை மாத்தினவங்க ஒவ்வொரு தடவையும் உளுத்த கட்டை மேலதான் புது ஓட்டை வச்சுட்டுப் போயிருக்காங்க.

ரிப்பேரா மாத்துறதான்னு கேக்குறவங்களுக்கு நான் இப்ப சொல்றது இதுதான்: எந்த அடுக்கு போச்சுன்னு முதல்ல பாருங்க. சுவர் ஓரம், முகடு, தண்ணி இறங்குற வாய்க்கால் தகடு, இது மட்டும் போயிருந்தா ரிப்பேர் போதும், அதையும் சிமெண்டுல இல்லாம தகடு வச்சுச் செய்யச் சொல்லுங்க. ரீப்பர் போயிருந்தா ஓட்டை இறக்கி, ரீப்பரை மாத்தி, அதே ஓட்டைத் திரும்ப அடுக்கலாம். ஓடு பாதிக்கு மேல மொத்து மொத்துன்னு கேட்டா, இல்ல கையால தேய்ச்சா செங்கல் தூள் மாதிரி உதிர்ந்தா, புது ஓடு. கைமரமே கரையான் பிடிச்சு உள்ளுக்குள்ள கூடா இருந்தா அப்பத்தான் மொத்தக் கூரையும். யார் வந்தாலும் மேல ஏறாம விலை சொன்னா அந்த விலைக்கு அர்த்தமே இல்ல.

நாலாவது ஆளு 43,000 சொன்னது ஓட்டையும் மரத்தையும் எடுத்துட்டு இரும்புச் சட்டம் வச்சு மெட்டல் ஷீட் போடுறதுக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் மேல ஏறிப் பாத்தாரு, நேர்மையாப் பேசினாரு. எங்க மாதிரி களிமண் ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ கனம், மெட்டல் ஷீட் அஞ்சாறு கிலோதான், அதனால கைமரமோ சுவரோ பலவீனமா இருக்குற வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. தண்ணி நுழைய இணைப்பும் கம்மி. ஆனா மழை சத்தம் கேக்கும், அடியில வெக்கையையும் சத்தத்தையும் தடுக்குற ராக்வுல் பஞ்சு நல்லா போடணும், இல்லன்னா மத்தியானம் வீட்டுக்குள்ள உக்கார முடியாது. ஓட்டுலேர்ந்து கான்கிரீட் ஓட்டுக்கு மாறணும்னு நினைக்கிறவங்க கனத்தைக் கேட்டுக்குங்க, சிலது களிமண் ஓட்டை விடக் கனம் கூட. கனம் கூடினாலோ சட்டத்தை மாத்தினாலோ இஞ்சினியரைக் கேக்காம கை வைக்காதீங்க. அப்புறம் ஜூ சியாட், எமரால்ட் ஹில் மாதிரி பாதுகாக்கப்பட்ட பகுதியில வீடு இருந்தா நம்ம இஷ்டத்துக்குக் கூரையை மாத்தவே முடியாது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தோட விதி இருக்கு.

அண்ணனோட வாதம் வேற. "அம்மாவுக்கு அப்புறம் இந்த வீட்டை விக்கப் போறோமா வச்சிருக்கப் போறோமா? விக்கிறதா இருந்தா வாங்குறவன் இடிச்சுட்டுத்தான் கட்டுவான், அவனுக்காக நாம ஏன் 26,000 போடணும்?"னாரு. கேக்கக் கொஞ்சம் கல்லு மனசா தெரியும், ஆனா நியாயமான கேள்வி. எத்தனை வருஷத்துக்கு இந்தக் கூரை வேணும்னு முதல்லயே வாய்விட்டுப் பேசிரணும். ரெண்டு மூணு வருஷத்துல இடிக்கிற வீடுன்னா சுவர் ஓரத்தை மட்டும் சரி பண்ணிட்டு வாளியோட இருந்துக்கலாம். நாங்க பேசிப் பேசி, குறைஞ்சது பதினஞ்சு வருஷம் வச்சிருக்குறதுன்னு முடிவு பண்ணோம், நான் அங்கதான் இருக்கப் போறேன். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "அந்த ஓட்டை எடுத்துப் போட்டுறாதீங்க." மூணாவது கம்பெனி சொன்ன 26,500 வழியில, அதாவது ரீப்பரை மாத்திட்டு அதே ஓட்டைத் திரும்ப அடுக்குறதுன்னு போனோம், பாதி அண்ணன், பாதி நான்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரை மூணு தடவை திருத்தி வாங்கினேன், இங்கதான் காசு ஓடும். சாரக்கட்டு செலவு விலைக்கு உள்ளயா வெளியயா, பழைய மரத்தைக் கொண்டு போய்ப் போடுற செலவு யாரோடது, ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலா (அப்ப 8 சதவீதம், இப்ப 9). உடைஞ்ச ஓடு எத்தனை வரைக்கும் விலையில அடக்கம், அதுக்கு மேல போனா ஓட்டுக்கு என்ன விலை, கைமரம் ஏதாவது மாத்த வேண்டி வந்தா மீட்டருக்கு என்ன விலை. பிரிச்ச பிறகு இதைப் பேசினா நம்ம கழுத்துல கத்தி, கூரை திறந்து கிடக்கும்போது யாரு பேரம் பேச முடியும். பணத்தை நாலு தவணையா பிரிச்சோம், கடைசி 10 சதவீதம் பெரிய மழை மூணு பேஞ்சு முடிஞ்ச பிறகுதான்னு எழுதி வாங்கினேன். தகராறு வந்தா சின்னத் தொகை வழக்குகளைப் பாக்குற ஸ்மால் கிளைம்ஸ் ட்ரிபியூனல்ல 20,000 வெள்ளி வரைக்கும்தான் கேக்க முடியும், ரெண்டு பக்கமும் சம்மதிச்சா 30,000, அதனால எல்லாம் எழுத்துல, போட்டோவோட இருக்கணும்.

அடுப்படி ஷீட்டுக்கு வரேன்னு சொன்னேன்ல. 1984ல போட்ட சாம்பல் கலர் நெளி ஷீட். தம்பி அதைப் பாத்ததுமே, "இதைத் தொட மாட்டோம்கா, ஆஸ்பெஸ்டாஸா இருக்கும்"னாரு. சிங்கப்பூர்ல கட்டடப் பொருள்ல ஆஸ்பெஸ்டாஸ் சேக்குறதை 1989லதான் நிறுத்தினாங்க, 1991க்கு முன்னாடி கட்டின கட்டடத்துல உடைக்கிற வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு தகுதி உள்ளவங்களை வச்சுச் சோதிக்கணும்னு மனிதவள அமைச்சு விதி இருக்கு. இருந்தா அதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின ஆளுங்கதான் எடுக்கணும், அமைச்சுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தணும். சோதிச்சோம், இருந்துச்சு. சும்மா கிடக்குற வரைக்கும் பெரிசா ஒண்ணும் பண்ணாது, உடைச்சாலோ ட்ரில் போட்டாலோ தூசி பறந்து நுரையீரலுக்குள்ள போகும், பல வருஷம் கழிச்சு கேன்சர் வரைக்கும் கொண்டு போய் விடும். அதுக்கு முன்னாடி வருஷம் ஒரு ஆளு இதே ஷீட்டுல ட்ரில் போட்டுத் தண்ணிக் குழாய் கிளிப் அடிச்சிட்டுப் போனாரு, அம்மா கீழ சமைச்சிட்டு இருந்தாங்க. அதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. பழைய வீட்டுல சாம்பல் ஷீட்டோ பழைய சீலிங் பலகையோ இருந்தா, தயவுசெஞ்சு, மலிவா ஒருத்தர் வந்து ஒரு நாள்ல உடைச்சு எடுத்துடுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. எங்களுக்கு அதுக்குத் தனியா 5,200 ஆச்சு, அந்த இடத்துல இன்சுலேஷன் வச்ச மெட்டல் போட்டோம். அங்க ஓடு போட முடியாது, சாய்வு ரொம்பக் கம்மி, ஓட்டுக்கு ரகத்தைப் பொறுத்து 17லேர்ந்து 22 டிகிரி சாய்வாவது வேணும், தட்டையா இருந்தா தண்ணி பின்னாடி ஏறி உள்ள வந்துரும்.

வேலை 2023 ஜூன் கடைசியில ஆரம்பிச்சது, பதினாறு நாள். தினமும் எவ்வளவு பிரிக்கிறாங்களோ அவ்வளவை அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மூடணும்னு எழுதி வாங்கியிருந்தேன், ஆனா ஆறாவது நாள் கொஞ்சம் கூடப் பிரிச்சுட்டாங்க, கேன்வாஸ் போட்டு மூடிட்டுப் போனாங்க. விடியக்காலை அஞ்சு மணிக்கு சுமத்ராக் காத்து வந்து கேன்வாஸ் ஒரு மூலையைப் பிச்சிருச்சு, ஹால்ல கணுக்கால் அளவு தண்ணி. போன் பண்ணேன், ஆறரைக்கெல்லாம் நாலு பேர் லாரியில வந்து இறங்கிட்டாங்க, தண்ணியும் அவங்களே வாரி ஊத்தினாங்க. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துல மூணு மீட்டர் அகலம்தான் பிரிப்போம்னு பேசிக்கிட்டோம். அந்தப் பசங்க பெல்ட்டு கட்டி, கயிறு மாட்டித்தான் மேல ஏறினாங்க, மூணு மீட்டருக்கு மேல உயரத்துல ஆபத்தான வேலைன்னா பெர்மிட்டு போட்டுத்தான் செய்யணும். யாராவது பெல்ட்டு இல்லாம நம்ம கூரையில ஏறுறதை வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டு சும்மா இருக்கக் கூடாது, அவங்க வீட்டுலயும் யாரோ காத்துக்கிட்டு இருக்காங்க.

மொத்தம் 1,600 ஓடு பக்கம். இறக்கி, தட்டிப் பாத்து, முற்றத்துல அடுக்கினாங்க, 230 கழிஞ்சுது. அந்த ரகம் இப்ப கடையில கிடைக்கல, பல்லு வேற அளவுல இருந்தா பக்கத்து ஓட்டோட பிடிக்காது. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டை இடிக்கப் போறாங்கன்னு அம்மாதான் மார்க்கெட்டுல கேட்டுட்டு வந்து சொன்னாங்க, போய்ப் பாத்தா அதே ஓடு, அதே வளைவு. அந்த வீட்டு அங்கிள்கிட்ட கேட்டோம், எப்படியும் குப்பைக்குத்தான் போகுது எடுத்துக்குங்கன்னாரு. முன்னூறு ஓடு எடுத்துட்டு வந்தோம், லாரி வாடகை மட்டும்தான். நிறம் கொஞ்சம் மாறியிருந்துச்சு, அதனால எங்க ஓட்டை முன் பக்கமும் வந்த ஓட்டைப் பின் பக்கமும் போட்டாங்க.

ரீப்பருக்கு மருந்து ஏத்தின மரம், துருப்பிடிக்காத ஸ்க்ரூ, அதுக்கு அடியில வெள்ளி நிறத்துல ஒரு தாள் விரிச்சாங்க, ஓட்டைத் தாண்டி வர்ற தண்ணி அது மேல வழிஞ்சு வெளிய போயிரும். பழைய கூரையில அந்தத் தாளே கிடையாது. வெக்கையும் குறைஞ்சிருக்கு, மத்தியானம் ஃபேன் போதும்னு அம்மா சொல்றாங்க. பக்கத்து வீட்டுச் சுவர் சேர்ற இடத்துல சிமெண்டை எடுத்துட்டுத் தகடு மடிச்சு வச்சு, சுவருக்குள்ள காடி வெட்டிச் சொருகணும், அது அவங்க சுவர். அந்த ஆண்ட்டிகிட்ட நோட்டுப் புத்தகத்தையும் போட்டோவையும் எடுத்துட்டுப் போய்க் காமிச்சேன், சண்டை போடல. சரின்னு சொன்னதோட தகடு செலவுல பாதியும் கொடுத்தாங்க. ரெண்டு வருஷமா நான் அவங்க மேல மனசுக்குள்ள வச்சிருந்த கோவம் அன்னிக்குப் போச்சு, முன்னாடியே போய்க் கேட்டிருக்கலாம்.

இப்ப பராமரிப்புன்னா பெரிசா ஒண்ணும் இல்ல. மாசம் ஒரு தடவை வாய்க்கால் தகட்டுல இலையும் மைனா கூடும் அடைச்சிருக்கான்னு பாக்குறது, அடைச்சா தண்ணி பின்னாடி ஏறும், கொசுவும் முட்டை போடும், அதுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். சிக்லாப்ல இருக்குற என் சிநேகிதி வீட்டுக் கூரைக்குள்ள மூசாங், அதான் மரநாய், குடியிருக்கு, அதைப் பிடிக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதனால ஓடு அடுக்குறப்பவே தாழ்வார ஓரத்து இடுக்கைக் கம்பி வலை வச்சு அடைச்சுடுங்கன்னு அவ சொன்னா, அடைச்சுட்டோம், உள்ள எதுவும் இல்லன்னு பாத்துட்டுத்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கலுக்கு முன்னாடியும் தீபாவளிக்கு முன்னாடியும், பகல்ல சீலிங்குக்கு மேல ஏறி லைட்டை அணைச்சுப் பாப்பேன். இது வரைக்கும் ஒரு புள்ளி வெளிச்சம் இல்ல.

மிச்சம் 70 ஓடு இருந்துச்சு. அதைப் போட்டுறாதீங்க, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா அதுதான் தங்கம். பின் பக்கம் ரெண்டு கட்டை போட்டு அதுக்கு மேல படுக்க வச்சு அடுக்கியிருந்தேன். ஒரு நாள் வேலைலேர்ந்து வந்து பாத்தா அம்மா ஒரு சின்ன நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து நிமிர்த்தி வச்சுட்டு இருக்காங்க. படுக்க வச்சா பள்ளத்துல தண்ணி நிக்கும், கொசு வரும்னாங்க. நிமிர்த்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் விரல் முட்டியால தட்டிக் காதைக் கிட்ட வச்சுக் கேட்டாங்க. மூணு ஓட்டைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க, அது மூணும் கணீர்னு கேக்கலையாம்.